கரைமேல் வெடி வேண்டாம்

வெடி மூட்டையை இரண்டு பேராகப் பிடித்துப் பந்தலுக்குள் இறக்கினார்கள். பின்னாலேயே நாலு அட்டைப் பெட்டிகள் வந்தன.

ஃப்ரீசர் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த கஸ்தூரி அப்போதுதான் நிமிர்ந்தாள். அதுவரை அவள் கண், கண்ணாடிக்குள் கிடந்த கோதண்டராமனின் மூக்கை விட்டு அசையவில்லை. ஒரு பக்கத்துப் பஞ்சு சற்று வெளியே வந்திருந்தது. காலையிலிருந்து அதைச் சரிசெய்யச் சொல்லி யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அது இன்னா, அரிசி மூட்டையா?" என்றாள் சந்திரம்மாள். செத்தவருக்கு அத்தை. கண் சரியாகத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும்.

"வெடிங்க பாட்டி. கீழ்பென்னாத்தூர்லருந்து. சுரேஷ்குமார் சார் சொல்லியிருந்தாரு."

"இவ்ளோவா?"

"தெருவுக்குப் பாதி, ஏரிக்கரைக்குப் பாதி."

கஸ்தூரி எழுந்தாள். மயக்கம் வருகிறதோ என்று பக்கத்திலிருந்த பெண்கள் கையைப் பிடித்தார்கள். விலக்கிக்கொண்டு, மேளக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்த கொழுந்தனிடம் போனாள்.

"தம்பி, இங்க வாங்க."

சுரேஷ்குமார் வந்தான். ஓசூர் கம்பெனியிலிருந்து நேற்று மத்தியானம் காரை ஓட்டிக்கொண்டு வந்தவன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. கோதண்டராமனுக்கு ஆண் பிள்ளை இல்லை. ஒரே மகள் கவிநிலா, கல்லூரியில் படிக்கிறாள். ஆகவே கொள்ளி இவன்தான்.

"தெருவுல என்ன வேணா வெடிங்க. கரைமேல மட்டும் வேணாம்."

"ஏன் அண்ணி?"

இந்தக் கேள்விக்குத்தான் அவளிடம் பதில் இருந்தது, சொல்ல வழி இல்லை. பத்து நாளைக்கு முன்னால் கோதண்டராமன் இட்லியைப் பிட்டுக்கொண்டே, மழை வருமா என்று கேட்பதுபோல் சொல்லியிருந்தார். "எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா கரைமேல வெடி வேணாம்னு சொல்லிடு." ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் எரிச்சலோடு கேட்டாள். "ஏன்னு மட்டும் சொல்லாத," என்றார்.

"ஏரியில நாரைங்க கூடு கட்டியிருக்கு," என்றாள் இப்போது. "வனத்துறைல போர்டே வெச்சிருக்காங்க. சத்தம் போடக்கூடாதுன்னு."

சுரேஷ்குமாரின் முகம் மலர்ந்தது. அவள் எதிர்பார்க்காதது அதுதான்.

"அதுக்குத்தான் அண்ணி. வர்ற வழியிலயே பாத்தேன். எங்கப்பா சாவுல எழும்பின அதே நாரைங்க. பதினோரு வருசம் எங்கயோ இருந்துட்டு, அண்ணன வழியனுப்ப கரெக்டா வந்திருக்குதுங்க பாருங்க."

"தம்பி, நான் சொல்றத..."

"அப்ப நான் துபாய்ல இருந்தேன். லீவு தரல. யாரோ போனைப் பிடிச்சுக்கிட்டு பாடை கூடவே நடந்தாங்க. படம் நின்னு நின்னுதான் வந்துச்சு. சத்தம் மட்டும் நல்லா கேட்டுது. வெடி, வெடி, அப்புறம் எல்லாரும் 'பார்றா பார்றா, நாரைங்க எழும்புது பார்றா'ன்னு கத்தறது. எங்கப்பா சாவுன்னா எனக்கு அந்தச் சத்தம்தான் அண்ணி. அண்ணன் தனியாளா நின்னு அப்பாவுக்கு அவ்ளோ செஞ்சாரு. அவருக்கு நான் ஊமையா கொண்டுபோய் வெச்சுட்டு வரவா?"

மேளக்காரர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவன் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பூக்காரனைத் தேடிப் போய்விட்டான்.

"இன்னாடி வழக்கு?" என்று சந்திரம்மாள் இருந்த இடத்திலிருந்தே கேட்டாள். "புருசன் பொணம் வாசல்ல கெடக்குது, கொக்குக்கு வக்காலத்தா? கம்முனு வந்து ஒக்காரு."

கஸ்தூரி வந்து உட்கார்ந்தாள்.

*

வேங்கிக்கால் தாண்டி, புது வீட்டு மனைகள் முடிகிற இடத்தில் அந்த ஏரி இருந்தது. கரையில் நின்றால் மலை முழுசாகத் தெரியும். கார்த்திகைப் புயல் மழையில் இந்த வருஷம் கலங்கல் வழிந்து ஓடியது. உள்ளே கருவேல மரங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. மார்கழி முதல் வாரத்தில் ஒரு ஜோடி வந்தது. வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்புப் பட்டை, மஞ்சள் மூக்கு, வாலோரம் ரோஜா நிறம். பொங்கலுக்குள் நாற்பத்து மூன்று கூடுகள் என்று வனத்துறைக்காரர்கள் எண்ணிவிட்டுப் போனார்கள். டவுனிலிருந்து கேமராவும் கையுமாக ஆட்கள் வந்து கரையில் படுத்துக் கிடந்தார்கள்.

சுடுகாட்டுக்கு அந்தக் கரையை விட்டால் வேறு வழி கிடையாது. ஒரு பர்லாங் தூரம் கரைமேல் நடந்து மதகுக்கு அப்பால் இறங்க வேண்டும். வண்டி போகாது, தோளில்தான் சுமக்க வேண்டும். முதல் கருவேல மரம் கரையிலிருந்து கல்லெறி தூரம்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோதண்டராமன் தன் அப்பாவுக்கு வெடித்த வெடியை ஊர் இன்னும் பேசுகிறது. வெடித்த புகையில் ஆளுக்கு ஆள் முகம் தெரியவில்லையாம். அத்தனை நாரையும் ஒரே நேரத்தில் எழும்பி, வானத்தை மறைத்துக்கொண்டு பாடைக்கு மேலே வட்டம் போட்டனவாம். பெரியவர் எவ்வளவு புண்ணியம் பண்ணியிருந்தால் பறவை வந்து வழியனுப்பும் என்று பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கோதண்டராமனும் அன்றைக்கு அண்ணாந்து பார்த்து அழுதார்.

மறுநாள் விடிகாலை, எலும்பு பொறுக்கும் பால் தெளிக்குப் பங்காளிகள் வருவதற்கு முன்னால், நெருப்பு அணைந்ததா என்று பார்க்க அவர் தனியாகப் போனார். போகிற வழியில் கரைக்குக் கீழே சேற்றில் பார்த்தார். உடைந்த முட்டைகள். இறகு முளைக்காத குஞ்சுகள். தாய்ப் பறவைகள் இருட்டும்வரை இறங்காமல் சுற்றியதில் காக்கையும் பருந்தும் கூட்டுக்குக் கூடு நுழைந்திருந்தன. சில குஞ்சுகள் பயத்தில் தாமே விழுந்திருக்க வேண்டும். அப்பாவின் எலும்பைப் பொறுக்கக் கொண்டுபோன மண்சட்டியில் அவற்றைப் பொறுக்கி, சுடுகாட்டு மண்வெட்டியால் மதகோரம் குழி வெட்டிப் புதைத்தார். குஞ்சு மட்டும் பதினேழு. பிறகு சட்டியைக் கழுவி, அதே சட்டியில் அப்பாவை எடுத்துவந்தார்.

அந்த மாதம் முடிவதற்குள் நாரைகள் ஏரியை விட்டுப் போய்விட்டன. அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை.

வெடி மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அது புண்ணியக் கணக்கில் சேர்ந்துவிட்டிருந்தது. ஏரி மீன் குத்தகை எடுத்திருந்த கண்ணாயிரம், வலை விரிக்கத் தோதாக அதே வாரத்தில் நாலு கருவேலங் கிளையை வெட்டியிருந்தார். அவர் அரிவாள்தான் நாரையை விரட்டியது என்று ஊர் கூடிப் பேசிக் குத்தகையைப் பிடுங்கியது. 'நாரைதின்னி' என்று பெயரும் வைத்தது. அந்தக் கூட்டத்தில் கோதண்டராமன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள்தான் கஸ்தூரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். "இப்ப போய்ச் சொன்னா அப்பாவுக்குப் பண்ணதெல்லாம் பாவம்னு ஆயிடும். யார்கிட்டயும் சொல்லாத," என்றார். அவளும் சொல்லவில்லை.

*

வீட்டின் பக்கவாட்டில் மூங்கிலைப் பிளக்கும் சத்தம் கேட்டது. பாடை கட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாயிரம்தான். அறுபது வயது, இரண்டு முட்டியும் போயாச்சு. யாரையும் அரிவாளைத் தொடவிடவில்லை.

தண்ணீர் கேட்டு வந்தவருக்குக் கஸ்தூரியே செம்பை நீட்டினாள்.

"தங்கச்சி, முன்பக்கத் தோள் நான்தான். வேற எவனுக்கும் கெடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

"உன் முட்டிக்கு நீ நடக்கறதே ஜாஸ்தி," என்றாள் சந்திரம்மாள். "பாதி வழியில உன்னயும் சேத்துல்ல தூக்கணும்."

"தூக்குங்க. பக்கத்துலயே எடம் போட்டு வெச்சிருங்க." தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு, செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஊரே என்ன நாரைதின்னின்னுச்சு தங்கச்சி. எம்பொண்ணைப் பாக்க வந்தவன் டீக்கடையில அதக் கேட்டுட்டு அப்படியே பஸ் ஏறிட்டான். இத்தினி வருசத்துல உன் வூட்டுக்காரரு வாயிலருந்து மட்டும் அந்த வார்த்தை வரல. ஒருதரம் கூட வரல."

கஸ்தூரி செம்பை வாங்கிக்கொண்டாள்.

மோட்டார் காயில் சுற்றுவது கோதண்டராமனின் தொழில். பக்கவாட்டுக் கொட்டகையில் எப்போதும் ஏழெட்டுப் பம்ப்செட் மோட்டார்கள் வரிசையில் கிடக்கும். யாருடையது முதலில் வந்திருந்தாலும் கண்ணாயிரத்தின் மோட்டார் வந்தால் அதுதான் முன்னால் போகும். இப்போதும் கொட்டகை நடுவில் அவருடைய மோட்டார் பாதி சுற்றின செம்புக் கம்பியோடு நின்றது. அதன்மேல் சிலேட்டில் சாக்பீஸ் எழுத்து: 'கண்ணாயிரம் அண்ணன். 5 ஹெச்பி. அவசரம்.'

நேற்றுக் காலை அதைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார். நடுவில் எழுந்து கரைக்குப் போய்விட்டு வந்தார். வந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அவள் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது.

மார்கழியிலேயே நெஞ்சு வலி வந்திருந்தது. வேலூருக்குப் போய் உடனே டெஸ்ட் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். "குஞ்சு பொரிக்கட்டும், போலாம்," என்றார் கோதண்டராமன். பொரித்தது. "எறக்கை மொளைக்கட்டும்," என்றார். தினம் இரண்டு வேளை கரைக்குப் போய் உட்கார்ந்தார். யாராவது பைக்கில் ஹார்ன் அடித்தால் சண்டைக்குப் போனார். கஸ்தூரி கத்திப் பார்த்தாள், அழுது பார்த்தாள், மகளை விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சீட்டு இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. அந்த நாரைகள் இந்த வருஷமும் வராமல் இருந்திருந்தால் அவர் வேலூருக்குப் போயிருப்பார்.

அதுகளுக்காகத்தான் இப்போது அவள் மல்லுக்கு நிற்க வேண்டியிருந்தது.

*

குளிப்பாட்டுவதற்காகப் பெட்டியைத் திறந்தார்கள். மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. கஸ்தூரியின் அம்மா வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்தது. அதை அவள் தோளில் போட்டபோது பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஓங்கி அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. பந்தலோரம் இளவட்டங்கள் இரண்டு பேர் வெடியைப் பிரித்து, தெருவுக்கு ஒரு குவியல், கரைக்கு ஒரு குவியல் என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கரைக்கான குவியல்தான் பெரிது.

கவிநிலா சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு போர்டைப் பற்றி என்னவோ சொல்வது தெரிந்தது. "அது டூரிஸ்ட்டுக்கும்மா," என்று அவன் அவள் தலையைத் தடவினான். "சாவ யாரு கேக்கப்போறாங்க."

கஸ்தூரி எழுந்து வீட்டுக்குள் போனாள். பின்பக்கக் கதவைத் திறந்து, கொட்டகைச் சுவரோரம் நின்று மகளிடம் சொல்லி அனுப்பினாள். சுரேஷ்குமார் ஈர வேட்டியோடு வந்தான்.

"சீக்கிரம் சொல்லுங்க அண்ணி. ஐயர் வந்துட்டாரு."

சுவருக்கு அந்தப் பக்கம் மூங்கிலில் அரிவாள் விழுந்துகொண்டிருந்தது. டக், டக் என்று அது கேட்டுக்கொண்டிருக்கும்வரை கண்ணாயிரத்துக்கு இது கேட்காது.

"உங்கப்பா சாவுல நாரைங்க வட்டம் போட்டுச்சே தம்பி. அது வழியனுப்பல."

அவள் சொன்னாள். சேறு, குஞ்சுகள், மண்சட்டி, மதகோரக் குழி, பின்வரிசையில் உட்கார்ந்தது. பதினோரு வருஷமாக வாய்க்குள்ளேயே கிடந்தது, சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நடுவில் ஒருமுறை அரிவாள் நின்றது. அவளும் நின்றாள். அது தொடங்கியதும் தொடர்ந்தாள்.

சுரேஷ்குமார் கொட்டகைக்குள் பார்த்தபடி நின்றான். அவன் பார்வை அந்தச் சிலேட்டின் மேல் இருந்தது.

"அண்ணன் ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உங்களுக்கு அப்பா சாவுன்னா அந்தச் சத்தம் ஒண்ணுதான் இருக்குன்னு நீங்கதான சொல்றீங்க. அவருக்கும் அது தெரியும்."

ஈர வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கண்ணாயிரம் அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேணாம். வேற எதாவது சொல்லி நிறுத்துங்க."

"என்னத்தச் சொல்றது? பசங்க மூட்டையைப் பிரிச்சாச்சு. நானே தான காலையிலருந்து ஏத்திவிட்டுக்கிட்டு இருக்கேன்."

"எனக்கும் தெரியல தம்பி."

யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. போய்விட்டான்.

*

தெருவில் வெடி நன்றாகவே வெடித்தார்கள். பாடை வாசலைத் தாண்டியதுமே முதல் சரம். பத்தடிக்கு ஒரு வெடி. பூவை உதிர்த்துப் போட்டுக்கொண்டே இளவட்டங்கள் மேளத்துக்கு ஆடினார்கள். தண்ணீர் டேங்க் வரைக்கும் பெண்கள் போகலாம். டேங்க் அருகே கஸ்தூரியை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்கள். முன்பக்கம் வலது தோளில் கண்ணாயிரத்தின் நரைத்த தலை தெரிந்தது. முட்டியை மடக்காமல், காலைக் கட்டைபோல் எடுத்து வைத்து நடந்தார். தோளில் கோதண்டராமனின் துண்டைத்தான் சுருட்டி வைத்திருந்தார். நேற்று அவரே கேட்டு வாங்கிப்போன துண்டு.

சுரேஷ்குமார் கொள்ளிச் சட்டியோடு முன்னால் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பது முறை.

பெண்கள் வீட்டுக்கு வந்து வாசலைக் கழுவத் தொடங்கினார்கள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம், விளக்குமாறு தேய்க்கிற சத்தம். அதற்கு மேலே தூரத்தில் வெடியும் மேளமும். கஸ்தூரியைக் குழாயடியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றினார்கள். ஒவ்வொரு குடத்துக்கும் நடுவில் அவள் காதைத் தீட்டிக்கொண்டாள். இப்போது அரசமரம். இப்போது பால் சொசைட்டி. இப்போது கரையேறும் சரிவு.

மேளம் நின்றது.

"இன்னாடி, நிறுத்திப்புட்டானுங்க?" என்றாள் சந்திரம்மாள்.

"பாடை மாத்தற எடமா இருக்கும் பெரியம்மா."

"மாத்தற எடம் அரசமரத்தாண்டயே போச்சு."

விளக்குமாறுகள் நின்றன. எல்லாரும் கேட்டார்கள். ஒன்றும் இல்லை. ஒரு நிமிஷம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. தகராறாக இருக்கும் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். கண்ணாயிரம் விழுந்திருப்பார் என்றாள் இன்னொருத்தி.

காலையிலிருந்து மேளத்திலும் மைக் செட்டிலும் அழுகையிலும் அமுங்கிக் கிடந்த ஒரு சத்தம் அப்போது கேட்டது. ஏரிப் பக்கமிருந்து, எண்ணெய் போடாத ராட்டினங்கள் நூறு ஒன்றாகச் சுற்றுவதுபோல், கரகரவென்று. தாய் நாரைக்குக் குரல் கிடையாது, அலகைத்தான் தட்டும். கத்துவது குஞ்சுகள் என்று கோதண்டராமன் சொல்லியிருந்தார். தீனி தீனி என்று நாள் பூராவும் கத்தும்.

தலையிலிருந்து தண்ணீர் வழிய அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், வெடித்துவிடட்டும் என்று இருந்தது. எல்லாம் எழும்பிப் போய்விடட்டும். அவரை வேலூருக்குப் போகவிடாத எல்லாம். அந்த நினைப்பு வந்த வேகத்தில் கையிலிருந்த சொம்பு நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பெண்கள் திடுக்கிட்டார்கள்.

வெடி வெடிக்கவில்லை. மேளமும் திரும்பத் தொடங்கவில்லை. வெகுநேரம் கழித்து, சுடுகாட்டுப் பக்கமிருந்து ஒற்றை மேளம் மட்டும் கேட்டது. மதகைத் தாண்டிவிட்டார்கள்.

*

அஸ்தமிக்கும் நேரத்தில் ஆண்கள் திரும்பினார்கள். கால் கழுவி, ஒவ்வொருவராக உள்ளே வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். தலையை மழித்திருந்த சுரேஷ்குமார் வேறு யாரோபோல் இருந்தான். கஸ்தூரியின் பக்கம் திரும்பாமலே விளக்கைக் கும்பிட்டான். வந்தவர்களில் யாரும் எப்போதும்போல் பேசிக்கொள்ளவில்லை. வயதானவர்கள் அவளை ஒரு விதமாகப் பார்த்தார்கள். இளவட்டங்கள் பார்க்கவே இல்லை.

கண்ணாயிரம் விளக்குப் பார்க்க வரவில்லை.

வீடு நிறைய ஜனம். எதையும் கேட்க முடியவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அவன் பங்காளிகளோடு பால் தெளிக்குக் கிளம்பிப் போனான். எட்டு மணிக்கு வந்தபோது கஸ்தூரி குழாயடியில் காத்திருந்தாள். காலில் தண்ணீர் ஊற்றினாள். முழங்கால் வரைக்கும் சேறு.

"கரைக்குக் கீழ எறங்கிப் பாத்தேன் அண்ணி," என்றான் அவன். "மரம் மரமா போய்ப் பாத்தேன். கீழ ஒண்ணும் விழல."

அவள் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினாள்.

"கரைமேல இன்னா சொன்னீங்க?"

"முதல்ல போர்டைச் சொன்னேன். சிரிச்சானுங்க. வேணாம்டான்னு கத்தினேன். அண்ணன் சாவுக்குக் கணக்குப் பாக்கறியான்னு கேட்டானுங்க. ஒருத்தன் பத்த வெக்கறதுக்குத் திரியைக் கிள்ளிட்டான்." காலை மாற்றி வைத்தான். "சொல்லிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

வாசலில் யாரோ நாற்காலிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. அவள் கையில் சொம்பு காலியாக இருந்தது. குழாயைத் திறக்கத் தோன்றவில்லை.

"கண்ணாயிரம் அண்ணன்?"

"பாடைய எறக்கச் சொன்னாரு. கரைமேலயே எறக்கி வெச்சோம். எறக்கக்கூடாதுன்னு ஐயர் சொன்னாரு, யாரும் கேக்கல. அண்ணன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் அண்ணி."

"அப்புறம்?"

"அப்புறம் தூக்கினாரு."

சுரேஷ்குமார் மழித்த தலையைத் தடவிக்கொண்டான்.

"துண்டு இல்லாத தோளுக்கு மட்டும் மாத்திக்கிட்டாரு."

அவன் உள்ளே போன பிறகு கஸ்தூரி கொட்டகைப் பக்கம் வந்தாள். கவிநிலா அங்கே நின்றிருந்தாள்.

"இப்பதாம்மா வந்துட்டுப் போனாரு கண்ணாயிரம் மாமா. மோட்டாரை எடுத்து வண்டியில கட்டிக்கிட்டாரு. பாதிதான் சுத்தியிருக்குதுன்னு சொன்னேன். இருக்கட்டும்னாரு. உன்னக் கூப்புடறேன்னேன். வேணாம்னு சொல்லிட்டாரு."

கொட்டகை நடுவில் மோட்டார் நின்ற இடத்தில் எண்ணெய் வட்டம் மட்டும் இருந்தது. பக்கத்துத் திண்டில் கோதண்டராமனின் துண்டு, துவைத்து, இன்னும் ஈரம் காயாமல் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிலேட்டை அவர் எடுத்துப்போகவில்லை. சுவராணியில், நேராக, எழுத்து தெரியும்படி மாட்டியிருந்தார்.

தரையில் ஒரு நிழல் கடந்தது. கஸ்தூரி அண்ணாந்து பார்த்தாள். அலகில் நீளமாக ஒரு சுள்ளியைக் கவ்விக்கொண்டு, நாரை ஒன்று கொட்டகைக்கு மேலே தாழப் பறந்து ஏரிப் பக்கம் போனது.

அவள் துண்டை எடுத்து உதறி, கொடியில் போட்டாள்.